செல்லின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு: தங்க நானோ கிளஸ்டரால் ஃபோலேட் ஏற்பியைக் கண்ணால் பார்க்கும் வழி

பகல் வெளிச்சத்தில் பார்த்தால் டிகாக்‌ஷன் மாதிரி ஒரு பழுப்புக் கரைசல். அறை விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச்சை அடித்தால் அதுவே பழுத்த மிளகாய் நிறத்தில் ஒளிர்கிறது. முதல் தடவை இதைப் பார்த்த காலையில், புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு கிடைத்துவிட்டது, இனி செல்லின் மேல் ஊற்றினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு எனக்கு மூன்று மாதம் ஆனது. சிவப்பை வரவைப்பது ஒரு இரவு வேலை. வந்த சிவப்பு நாம் தேடும் புரதத்தால்தான் வந்தது என்று காட்டுவதற்குத்தான் அத்தனை நாளும் போயிற்று. இதே துறையில் புதிதாகக் கால் வைக்கும் முதுநிலை மாணவர்களுக்கும், முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்கும் அந்த நாட்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

நானோ கிளஸ்டர் என்பது சில அணுக்கள் முதல் நூறு சொச்சம் அணுக்கள் வரை சேர்ந்த சின்னக் கொத்து. அளவு 2 நானோமீட்டருக்கும் கீழே. இதைவிடப் பெரிய தங்க நானோ துகள் ஒளியை உறிஞ்சி ஒயின் சிவப்பாகத் தெரியும், ஆனால் ஒளிராது. கொத்து இவ்வளவு சிறிதாகும்போது எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் மூலக்கூறில் இருப்பதுபோலத் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் புறஊதா ஒளியை வாங்கிச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது.

2009இல் சிங்கப்பூரில் ஜியான்பிங் ஷியே, ஜாக்கி யிங் ஆகியோரின் குழு மாட்டு சீரம் ஆல்புமினை, அதாவது பிஎஸ்ஏ புரதத்தை வைத்தே 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்தைச் செய்துகாட்டியது. தங்க அயனிகளுக்கு எலெக்ட்ரான் கொடுக்கும் ஒடுக்கி என்று தனி வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை, கொதிக்க வைக்கவும் வேண்டாம். உடல் வெப்பநிலையே போதும். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது. நம் பக்கத்திலும் இதற்கு ஆழமான வேர் இருக்கிறது. சென்னை ஐஐடியில் பிரதீப் குழு பல ஆண்டுகளாக உலோகக் கொத்துகளில் வேலை செய்துவருகிறது. கொச்சி அமிர்தா பல்கலைக்கழகத்தில் 2010 வாக்கிலேயே பிஎஸ்ஏ கொத்தில் ஃபோலிக் அமிலத்தை இணைத்துப் புற்றுச் செல்களைக் குறிவைத்திருக்கிறார்கள்.

நாம் பார்க்கப் போகும் புரதம் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா, ஃபோலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம். கருப்பைப் புற்றிலும், குறிப்பாகச் சூலகப் புற்றிலும் செல்லின் மேல்புறம் இது நிறைய இருக்கும். ஏட்டளவில் நிற்கிற விஷயம் இல்லை இது. இந்த ஏற்பியில் ஒட்டி ஒளிரும் பாஃபோலாசியானின் என்ற மருந்துக்கு 2021 நவம்பரில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. சூலகப் புற்று அறுவையின்போது கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பதற்காக. அடுத்த ஆண்டு இதே ஏற்பியைக் குறிவைக்கும் மிர்வெட்டுக்சிமாப் மருந்து வந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் கட்டியில் இந்த ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டும். 75 சதவீதச் செல்களிலாவது சவ்வில் நடுத்தரமாகவோ அழுத்தமாகவோ நிறம் ஏறியிருந்தால்தான் அந்த மருந்து. அதாவது, நிறத்தைச் சரியாகப் படிப்பதில் ஒருவருடைய சிகிச்சையே தொங்கிக்கொண்டிருக்கிறது.

நாம் செய்யப்போவது ஆய்வகப் பயிற்சி, நோயறியும் சோதனை இல்லை. ஆனாலும் அதே கண்டிப்புடன் செய்வோம்.

முதலில் கண்ணாடிப் பாத்திரங்கள்

அலுப்பாக இருக்கும், ஆனால் இதைத் தாண்ட முடியாது. பாத்திரத்தில் பழைய உலோகத் துணுக்கு ஒட்டியிருந்தால் தங்கம் அதன் மேல் போய்ப் படியும், கொத்துக்குப் பதில் துகள்தான் கிடைக்கும். இராஜ திராவகத்தில் கழுவுங்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, நைட்ரிக் அமிலம் 1 பங்கு. ஃபியூம் ஹூட்டுக்குள், கையுறை, கண்ணாடி, கோட்டுடன், வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும். மிச்சத்தை எக்காரணம் கொண்டும் மூடிபோட்டு வைக்காதீர்கள். வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும், புட்டி வெடிக்கும். ஸ்டிரர் பாரையும் சேர்த்துக் கழுவுங்கள், பலர் மறப்பது அதைத்தான். அப்புறம் தூய நீரில் பல முறை அலசவும்.

தங்க உப்பு, அதாவது குளோரோஆரிக் அமிலம், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று ஆகிவிடும். புட்டியைத் திறந்து 20 மில்லிகிராம் எடை போடுவதற்குள் எண் ஏறிக்கொண்டே போகும். எஃகு ஸ்பேட்டுலா பட்டால் உப்பு அதை அரிக்கும், தங்கம் அதன் மேலேயே படிந்தும் போகும். நான் கற்றுக்கொண்ட வழி எடையே போடாமல் இருப்பது. 1 கிராம் புட்டி வாங்கினால் முழுவதையும் 25.4 மி.லி. தூய நீரில் கரைத்துவிடுங்கள். மூன்று நீர் மூலக்கூறு கொண்ட உப்புக்கு மூலக்கூறு எடை 393.8 என்பதால் அது 100 மில்லிமோலார் கரைசல். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், ஃபிரிட்ஜில் இருக்கட்டும். தேவைப்படும்போது பத்துக்கு ஒன்றாக நீர்க்கச் செய்தால் 10 மில்லிமோலார்.

கொத்தைச் செய்தல்

பிஎஸ்ஏ 250 மில்லிகிராமை 5 மி.லி. நீரின் மேல் தூவி, தானாக ஊறவிடுங்கள். குலுக்கினால் நுரைதான் வரும். கரைந்ததும் 37 டிகிரியில் ஸ்டிரர் மேல் வைத்து, நன்றாகச் சுழலும்போது 10 மில்லிமோலார் தங்கக் கரைசல் 5 மி.லி. சேர்க்கவும். இரண்டு நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மி.லி. அவ்வளவுதான். 12 மணி நேரம் அதே வெப்பநிலையில் சுழலட்டும்.

இந்த இரண்டு நிமிடத்துக்கும் அந்த அரை மி.லி.க்கும் காரணம் இருக்கிறது. முதல் இரண்டு நிமிடத்தில் தங்க அயனிகள் புரதத்துக்குள் போய் உட்காருகின்றன. பிஎஸ்ஏயில் 35 சிஸ்டீன் உண்டு, அவற்றின் கந்தகம் தங்கத்தை இறுகப் பிடிக்கும். பிஎச் 12 பக்கம் ஏறும்போது டைரோசின் அமினோ அமிலம் எலெக்ட்ரானைக் கொடுத்து அந்த அயனிகளை ஒடுக்குகிறது. புரதமே கூடு, புரதமே ஒடுக்கி. ஹைட்ராக்சைடு குறைந்தால் டைரோசின் வேலை செய்யாது. மறுநாள் வெறும் மஞ்சள் கரைசலைத்தான் பார்ப்பீர்கள். ஹைட்ராக்சைடு பழையதாக இருந்தாலும் இதே கதிதான், அன்றன்று கரைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பகலொளியில் நிறம் பழுப்பாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ ஊதாவோ தெரிந்தால் கொத்து வளர்ந்து துகளாகிவிட்டது என்று அர்த்தம். பகலில் சிவப்பு கெட்ட சகுனம், யூவியில் சிவப்பு நல்ல சகுனம் என்று மாணவர்களிடம் சொல்லிவைப்பேன். உறிஞ்சல் நிறமாலையில் 520 நானோமீட்டர் பக்கம் திமில் இருக்கக் கூடாது. அப்புறம் யூவி டார்ச்: 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ரூபாய் நோட்டு பார்க்க விற்கும் மலிவு டார்ச்சுகள் பல 395இல் இருக்கும். அவற்றின் ஊதா ஒளியே கண்ணை மயக்கிவிடும். ஒளிர்வு உச்சம் 640 நானோமீட்டரை ஒட்டி வரும், குவாண்டம் விளைச்சல் சுமார் 6 சதவீதம்.

கூடவே தங்கம் சேர்க்காத ஒரு புட்டியையும் இரவெல்லாம் ஓட்டுங்கள். அதில் பிஎஸ்ஏ, ஹைட்ராக்சைடு, தங்கத்துக்குப் பதில் நீர். காரத்தில் ஊறிய புரதம் யூவியில் நீலமாக ஒளிரும். உங்கள் புட்டியில் சிவப்போடு நீலமும் கலந்து தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது புரியும்.

சரி, இப்போது சுத்தம் செய்ய வேண்டும். 12 முதல் 14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் கட்டி, பாஸ்பேட் பஃபரில் 24 மணி நேரம், நான்கைந்து முறை பஃபரை மாற்றிப் போடுங்கள். பிஎச் 7.4க்கு வந்ததும் 4 டிகிரியில் வைக்கலாம், பல வாரம் தாங்கும். உறைய வைக்க வேண்டாம்.

ஃபோலிக் அமிலத்தைக் கட்டுதல்

கொத்து தானாக எந்த ஏற்பியையும் தேடிப் போகாது. ஃபோலேட் ஏற்பிக்குப் பிடித்த ஃபோலிக் அமிலத்தை அதன் மேல் கட்டிவிட வேண்டும். பிஎஸ்ஏயின் லைசின்களில் முப்பது சொச்சம் வெளியே கை நீட்டிக்கொண்டு நிற்கும். ஃபோலிக் அமிலத்தின் கார்பாக்சில் முனையை ஈடிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு வேதிப்பொருள்கள் இரண்டையும் கொண்டு தூண்டிவிட்டால் அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

டயாலிசிஸ் முடிந்த கரைசலில் புரதம் மி.லி.க்கு 24 மில்லிகிராம் அளவில் இருக்கும், பைக்குள் நீர் ஏறியிருந்தால் இன்னும் குறையும். 2 மி.லி. எடுத்தால் சுமார் 0.7 மைக்ரோமோல் புரதம். பத்து மடங்கு ஃபோலிக் அமிலம் என்று தொடங்கினால் சுமார் 3 மில்லிகிராம். நீரில் லேசில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, ஈடிசி, என்எச்எஸ் இரண்டையும் அதைவிடச் சற்று அதிக மோல் அளவில் போட்டு, அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் சில மணி நேரம் வைக்கவும். பிறகு பிஎச் 8 பக்கம் சரிசெய்த கொத்துக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, 4 டிகிரியில் இரவு முழுதும் கலக்கவும். டிரிஸ், கிளைசின் பஃபர்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றின் அமீன்களே ஃபோலிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

ஒட்டாத ஃபோலிக் அமிலத்தை நீக்குவதில் தாராளமாக நேரம் செலவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு துளியும் செல்லில் உங்கள் கொத்துக்கு முன்னால் போய் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும். செஃபடெக்ஸ் ஜி-25 ஜெல் மணிகள் நிரப்பிய சிறு குழாயில் (column) ஒருமுறை ஓடவிட்டு, அப்புறம் மறுபடி டயாலிசிஸ். வெளியே வரும் பஃபரை யூவியில் காட்டிப் பாருங்கள். நீலம் தெரியாமல் போகும் வரை பஃபரை மாற்றிக்கொண்டே இருங்கள். தனி ஃபோலிக் அமிலம் நீலமாக ஒளிர்வது இந்த இடத்தில் நமக்குக் கை கொடுக்கிறது.

செல்கள், நான் மூன்று வாரம் தொலைத்த கதை

ஏற்பி நிறைய உள்ள நேர்மறைச் செல்லாக கேபி, ஏற்பி ஏறக்குறைய இல்லாத எதிர்மறைச் செல்லாக ஏ549. இந்தியாவில் புனே தேசியச் செல் அறிவியல் மையத்தில் கேட்டு வாங்கலாம். கேபியை வாய்ப் புற்றுச் செல் என்று பழைய கட்டுரைகள் எழுதும். அது உண்மையில் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள் புகுந்து ஆக்கிரமித்த வரிசை என்பது நிரூபணமான விஷயம். ஃபோலேட் ஏற்பி நிறைய இருப்பதால் நம் வேலைக்கு ஆகும். ஆனால் உங்கள் ஆய்வேட்டில் வாய்ப் புற்று என்று எழுதிவிடாதீர்கள்.

என் கேபி செல்கள் மூன்று வாரம் இருட்டாகவே இருந்தன. கொத்தைப் புதிதாகச் செய்தேன், செறிவைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு மாலை, வளர்ப்பு ஊடகப் புட்டியின் சேர்மானப் பட்டியலை முதல் தடவையாக முழுவதும் படித்தேன். சாதாரண ஆர்பிஎம்ஐ-1640 ஊடகத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மோலார் கணக்கில் 2.3 மைக்ரோமோலார். இந்த ஏற்பியோ ஃபோலிக் அமிலத்தை நானோமோலார் அளவிலேயே இறுகப் பிடிக்கும். ஆயிரம் மடங்கு அதிகமான ஃபோலிக் அமிலத்தில் செல்களை ஊறவைத்துவிட்டு, சிவப்பு ஏன் வரவில்லை என்று நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஃபோலிக் அமிலம் இல்லாத ஆர்பிஎம்ஐ தனியாக விற்கிறது. அதில் 10 சதவீத சீரம் சேர்த்து ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் வளர்த்த பிறகே சோதனைக்கு எடுங்கள். சீரத்தில் இருக்கும் சிறிதளவு ஃபோலேட்டே செல்கள் உயிர் வாழப் போதும். ஏ549 செல்களையும் அதே ஊடகத்திலேயே வளர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

இன்னொன்று. டிரிப்சின் போட்டுச் செல்களைப் பெயர்த்த உடனே சாயமேற்றாதீர்கள். அது மேற்புரதங்களைக் கடித்துவிடும். கவர் ஸ்லிப்பில் 24 குழித் தட்டில் குழிக்கு 50,000 செல்கள் போட்டு ஒரு நாள் விடுங்கள், ஏற்பிகள் மீண்டும் மேலே வந்துவிடும்.

சாயமேற்றும் நாள்

தட்டை ஐஸ் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அன்று எல்லாமே குளிரில்தான். 37 டிகிரியில் செல் ஏற்பியோடு சேர்த்துக் கொத்தையும் உள்ளே விழுங்கும், அப்போது விளிம்பில் கோடு தெரியாது, உள்ளே புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். செல் மேலிருக்கும் புரதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்தான் வழி. இதே காரணத்தால் சவ்வில் துளைபோடும் டிரைட்டான் மாதிரிச் சோப்புகளுக்கும் இங்கே வேலையில்லை.

குளிர்ந்த பிபிஎஸ்ஸில், அதாவது உப்பு சேர்த்த பாஸ்பேட் பஃபரில், இரண்டு முறை அலசி, 1 சதவீத வெறும் பிஎஸ்ஏ கரைசலில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு ஃபோலேட் கட்டிய கொத்து, மி.லி.க்கு அரை மில்லிகிராம் புரதம் என்ற அளவில், 45 நிமிடம் இருட்டில். அப்புறம் கழுவுதல்: மூன்று முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம், பிபிஎஸ்ஸை ஓரமாக மெல்ல ஊற்றி. அதன் பிறகே 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு 10 நிமிடம்.

கழுவுவதில் நான் ஒருமுறை அவசரப்பட்டேன், ஏ549 செல்களும் பளிச்சென்று சிவந்துவிட்டன. ஒட்டாமல் சும்மா நின்றுகொண்டிருந்த கொத்தையும் ஃபார்மால்டிஹைடு செல்லோடு சேர்த்துக் கட்டிவிடும். கொத்தின் கூடு புரதம் அல்லவா, அதுவும் குறுக்கே பிணையும்.

பாதரச அயனியும் செம்பு அயனியும் இந்தச் சிவப்பை அணைத்துவிடும், பாதரசத்தைக் கண்டுபிடிக்கவே இதே கொத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பாதரசம் கலந்த தைமரோசல் போன்ற காப்புப் பொருள் போட்ட பஃபர்களைத் தள்ளி வையுங்கள்.

இதெல்லாம் ஓடும்போது பக்கத்துக் குழிகளில் என்ன ஓடுகிறது என்பதில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. எதுவும் போடாத செல் ஒரு குழியில்: செல்லுக்குச் சொந்தமான ஒளிர்வு எவ்வளவு என்று அது சொல்லும். ஃபோலேட் கட்டாத வெறும் கொத்து இன்னொன்றில்: புரதம் சும்மா ஒட்டுகிறதா என்று தெரியும். மூன்றாவது குழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கேபி செல்களுக்கு முதலில் 1 மில்லிமோலார் தனி ஃபோலிக் அமிலத்தை அரை மணி நேரம் கொடுத்து, அது இருக்கும்போதே கொத்தையும் போடுங்கள். ஏற்பியெல்லாம் நிரம்பிவிட்டதால் சிவப்பு சரிய வேண்டும். சரிந்தால், நீங்கள் பார்த்த சிவப்பு அந்த ஏற்பி வழியாகத்தான் வந்தது. சிவப்பு சரியவில்லையென்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வெளியே காட்டாதீர்கள். நான்காவதாக ஏ549, எல்லாம் கேபிக்குச் செய்தது போலவே. முதல் நாளே இந்த நான்கையும் சேர்த்துப் போடுங்கள், படம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மைக்ரோஸ்கோப்பில் 470 முதல் 490 நானோமீட்டரில் தூண்டி, 620க்கு மேல் வரும் ஒளியை மட்டும் எடுங்கள். புறஊதாவிலும் தூண்டலாம், ஆனால் செல் சொந்தமாக ஒளிர்வது அங்கே அதிகம். செல்லின் கருவை டாப்பி என்ற நீலச் சாயத்தால் சாயமேற்றியிருந்தால் அதன் படத்தை நீலத்துக்கு மட்டும் வழிவிடும் வடிகட்டியில் எடுங்கள், இல்லாவிட்டால் கொத்தின் சிவப்பு அதற்குள்ளும் கசியும். விளைச்சல் 6 சதவீதம்தான் என்பதால் கேமராவுக்கு நீண்ட நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். கேபிக்கு வைத்த அதே நேரம், அதே கெயின் எல்லாக் குழிக்கும். தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். அது இருட்டான குழியையும் வெளிச்சமாக்கிக் காட்டி உங்களை ஏமாற்றும்.

மைக்ரோஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால்

இந்தக் கொத்து பெராக்சிடேஸ் நொதி மாதிரியும் நடந்துகொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் டிஎம்பி என்ற நிறமற்ற பொருளை நீலமாக்கும். பிஎச் 4 அசிடேட் பஃபரில் நன்றாக நடக்கும், நடுநிலை பிஎச்சில் மந்தம். 96 குழித் தட்டில் செய்து 652 நானோமீட்டரில் அளக்கலாம், கந்தக அமிலம் சொட்டினால் மஞ்சளாகி 450இல் அளக்கலாம்.

செல்லுக்குள்ளேயே பெராக்சிடேஸ் இருப்பதுதான் இங்கே வில்லங்கம். அதனால் இந்த முறைக்கு மட்டும் வரிசையை மாற்றுங்கள். முதலில் செல்களை லேசாக நிலைப்படுத்தி, கிளைசினால் மிச்ச ஆல்டிஹைடை அடைத்து, 0.3 சதவீதப் பெராக்சைடில் 10 நிமிடம் வைத்துச் செல்லின் சொந்த நொதியைக் களைப்படையச் செய்யுங்கள். நன்றாக அலசிய பிறகு கொத்தைப் போடலாம். கொத்து போடாத குழியும் நீலமானால் அந்தத் தட்டு கணக்கில் வராது.

டிஎம்பியின் நீலம் கரைசலில் கலந்துவிடும் என்பதால் எந்தச் செல்லில் நிறம் வந்தது என்று அதில் தெரியாது, மொத்தக் குழியின் கணக்கு மட்டும்தான் கிடைக்கும். செல்லிலேயே நிறம் படிய வேண்டுமென்றால் டேப் என்ற டைஅமினோபென்சிடின் பயன்படுத்துங்கள், பழுப்பாகப் படிந்து அங்கேயே நிற்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். அது புற்றை உண்டாக்கக்கூடிய பொருள் என்று சந்தேகிக்கப்படுவது. கையுறை மாற்றாமல் கைபேசியைத் தொடாதீர்கள்.

கடைசியாகக் கழிவு. டேப் கழிவுக்கு ஒரு புட்டி, தங்கம் உள்ள கழிவுக்கு இன்னொரு புட்டி, இரண்டிலும் தேதியோடு பெயர் எழுதி ஒட்டி, தொட்டியில் ஊற்றாமல் ஹூட்டுக்குக் கீழே தனித்தனியாக வைத்துவிடுங்கள்.